ஊசிக்குள் போன செடியும் மோரோடு நின்ற செடியும்

சுடுகாட்டுக்குப் போகிற பாதையோரம் இளஞ்சிவப்பாகவும் வெள்ளையாகவும் பூத்து நிற்பது நித்தியகல்யாணி. அந்தப் பாதை இறங்கும் வயல் வரப்பில், களையோடு களையாக, முழங்காலுக்கும் எட்டாத உயரத்தில் நிற்பது கீழாநெல்லி. அங்கே இரண்டையும் யாரும் விதைத்ததில்லை, தண்ணீர் விட்டதுமில்லை. ஆனால் இரண்டுக்கும் மருத்துவப் பேர் உண்டு. ஒன்று சர்க்கரைக்கு, மற்றது காமாலைக்கு. இந்த இரண்டு பேச்சையும் இருபதாம் நூற்றாண்டின் ஆய்வுக்கூடங்கள் எடுத்துச் சோதித்துப் பார்த்தன. சர்க்கரைக்குச் சொன்ன செடியிலிருந்து புற்றுநோய் மருந்து வந்தது. காமாலைக்குச் சொன்ன செடி காமாலைக் கிருமியையே விரட்டுகிறது என்று சென்னையிலிருந்து ஒரு விடை வந்தது. அதைத் திரும்பச் செய்து பார்த்த ஊர்களில் அந்த விடை கிடைக்கவில்லை.

முன்னோர் சொன்னது பொய்க்காது என்பவர்களும், இதெல்லாம் கண்மூடித்தனம் என்பவர்களும் இந்த இரு செடிகளையும் தத்தம் கட்சிக்குச் சாட்சியாக இழுப்பது வழக்கம். ஒன்றை மட்டும் தனியே எடுத்துப் பேசினால் அந்தச் சாட்சி எடுபடும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினால் இரு கட்சியுமே திணறும். அதற்காகவே இந்த ஒப்பீடு.

முதலில் பிறப்பு. நித்தியகல்யாணி மடகாஸ்கர் தீவின் செடி. 18ஆம் நூற்றாண்டில் அதன் விதை பாரிஸ் அரசத் தோட்டத்துக்குப் போய், அங்கிருந்து லண்டனின் செல்சீ மூலிகைத் தோட்டத்துக்கு வந்து, பிலிப் மில்லரின் கையில் வளர்ந்தது. 1759இல் லின்னேயஸ் வின்கா ரோசியா என்று பெயர் வைத்தார். இன்று தாவரவியலார் வழங்கும் பெயர் கேத்தராந்தஸ் ரோசியஸ். பழைய பெயர் ஏட்டைவிட்டுப் போய்விட்டாலும் புற்றுநோய் வார்டுகளில் இன்னும் ‘வின்கா மருந்துகள்’ என்றுதான் சொல்கிறார்கள். அழகுக்காகக் கப்பலேறிய செடி, வெப்ப நாடுகள் எங்கும் தோட்ட வேலியைத் தாண்டி ஓடிவிட்டது. கடற்கரை மணலிலும் சிமெண்டுத் தரையின் வெடிப்பிலும் பிழைத்துக்கொள்ளும். ஆடு வாய் வைக்காது. பராமரிப்பார் யாருமில்லாத இடத்திலும் ஆண்டு முழுக்கப் பூத்துக்கொண்டிருக்கும்.

கீழாநெல்லியை நம் மண்ணின் மைந்தன் என்று சத்தியம் செய்ய எல்லோரும் தயார். ஆனால் இன்று அந்தப் பெயரில் அதிகமாக விற்பனையாகும் ஃபில்லாந்தஸ் அமாரஸ், வெப்பமண்டல அமெரிக்காவிலிருந்து பரவிய செடி என்பது தாவரவியலார் பலரின் கருத்து. அதன் நெருங்கிய உறவுகளில் இந்த நாட்டிலேயே பிறந்தவையும் உண்டு. ஃபில்லாந்தஸ் டெபிலிஸ் அப்படி ஒன்று. மேலாநெல்லி என்று நாம் சொல்லும் இனத்துக்கு மதராஸின் பெயரையே வைத்து ஃபில்லாந்தஸ் மதராஸ்படென்சிஸ் என்று எழுதியிருக்கிறார்கள். ஆகப் பழைய ஏட்டில் கீழாநெல்லி என்று எழுதிய வைத்தியரின் கண்முன் நின்ற செடி இவற்றில் எது என்பது திறந்த கேள்வி. இந்தக் கேள்வி கீழே மறுபடியும் நம்மைத் தொந்தரவு செய்யும்.

பூவைப் பொறுத்தவரை இரண்டுக்கும் ஒப்பீடே கிடையாது. நித்தியகல்யாணியின் ஐந்து இதழும் நடுவிலுள்ள கண்ணும் தூரத்திலிருந்தே தெரியும். கீழாநெல்லி பூக்கிறது என்பதே பலருக்குச் செய்தி. மெல்லிய கிளையின் இருபுறமும் சிறிய இலைகள் அடுக்கியிருக்க, ஒவ்வொரு இலையின் கணுவிலும் குண்டூசித் தலையளவு வெளிறிய பூ தொங்கும். அது பழுத்து ஆறு விதையுள்ள உருண்டைக் காயாகும்போதுதான் நம் கண்ணில் படும். இருட்டியதும் இலைகளை மடித்துக்கொள்ளும் பழக்கமும் அதற்கு உண்டு.

நித்தியகல்யாணியின் மருத்துவக் கதை தொடங்குவது ஒரு தபால் உறையில். ஜமைக்காவின் பிளாக் ரிவர் என்னும் ஊரில் ஜான்ஸ்டன் என்றொரு மருத்துவர் இருந்தார். அவரிடம் வந்த நீரிழிவுக்காரர்கள் இந்த இலையை வெந்நீரில் போட்டுத் தேநீராகக் குடித்துவந்தார்கள். 1952இல் அவர் 25 இலைகளை உறையில் இட்டு டொரண்டோவிலிருந்த கிளார்க் நோபிள் என்னும் மருத்துவருக்கு அனுப்பினார். கிளார்க் நோபிள் இன்சுலின் கதையின் ஓரத்தில் நின்றவர். 1921இல் இன்சுலினைத் தேடிக்கொண்டிருந்த பேண்டிங்குக்கு உதவியாளராக முதலில் யார் போவது என்று அவரும் சார்லஸ் பெஸ்ட்டும் நாணயம் சுண்டினார்கள், நோபிள் தோற்றார் என்று சொல்வார்கள். நீரிழிவுக்கு இலை என்றதும் அது அவரைத் தேடி வந்ததில் ஒரு பொருத்தம் இருக்கிறது. ஆனால் அவர் ஓய்வு பெறும் நிலையில் இருந்ததால், மேற்கு ஒண்டாரியோ பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்துகொண்டிருந்த தம்பி ராபர்ட் நோபிளிடம் உறையைக் கொடுத்துவிட்டார்.

ராபர்ட் நோபிள் எலிகளுக்கு இலைச்சாற்றை வாய்வழியாகக் கொடுத்துப் பார்த்தார். சர்க்கரை அசையவில்லை. இந்த இடத்தில் நிறுத்தியிருந்தால் நாட்டு வைத்தியப் பேச்சு பொய் என்று ஒரு வரி எழுதிக் கோப்பை மூடியிருக்கலாம். அவர் சாற்றை ஊசியாகவும் போட்டுப் பார்த்தார். எலிகள் ஒரு வாரத்துக்குள் செத்தன. சர்க்கரை குறைந்து சாகவில்லை, உடம்பெங்கும் சீழ்க்கட்டி வந்து செத்தன. சாதாரணமாக உடம்பு அடக்கிவைக்கும் பாக்டீரியா அவற்றைக் கொன்றிருந்தது. ஏன் என்று பார்த்தபோது, வெள்ளையணுக்கள் சரிந்திருந்தன, எலும்பு மஜ்ஜை வற்றியிருந்தது. வெள்ளையணுவை இப்படி அழிக்கிற பொருள், வெள்ளையணு கட்டுமீறிப் பெருகும் ரத்தப் புற்றுநோயில் என்ன செய்யும் என்ற கேள்வி அங்கே பிறந்தது. சார்லஸ் பியர் என்னும் வேதியியலாளர் 1954இல் சேர்ந்துகொண்டார். பல முயற்சிக்குப் பிறகு பிரித்தெடுத்த பொருளுக்கு வின்பிளாஸ்டின் என்று பெயராயிற்று. 1958இல் அதை அறிவித்தார்கள்.

ஏறத்தாழ அதே நேரத்தில் அமெரிக்காவின் இண்டியானாபொலிஸில், எலை லில்லி நிறுவனத்தின் கோர்டன் ஸ்வபோடா வேறொரு வாசலால் இதே செடிக்குள் நுழைந்தார். இரண்டாம் உலகப் போரின்போது இன்சுலின் கிடைக்காத பிலிப்பைன்ஸில் இந்த இலையை மென்று சமாளித்தார்கள் என்ற செய்தி அவரை இழுத்தது. லில்லி ஆய்வுக்கூடத்தில் ரத்தப் புற்றுநோய் ஏற்றிய சுண்டெலிகளில் சாற்றைச் சோதித்தார்கள். எலிகள் கூடுதல் நாள் வாழ்ந்தன. ஸ்வபோடா பிரித்தெடுத்த இரண்டாவது பொருள் வின்கிரிஸ்டின். வின்பிளாஸ்டினுக்கு 1961இலும் வின்கிரிஸ்டினுக்கு 1963இலும் அமெரிக்காவில் ஒப்புதல் கிடைத்தது.

இரண்டு மூலக்கூறும் அச்சில் வார்த்ததுபோல் ஒன்றாக இருக்கும். ஓரிடத்தில் மட்டும், ஒரு நைட்ரஜனில் தொங்கும் சிறு தொகுதியில், வேறுபாடு. ஒன்றில் மெத்தில், மற்றதில் ஃபார்மைல். அந்த அற்ப மாற்றத்தால் வேலை செய்யும் நோயும் மாறுகிறது, செய்யும் தீங்கும் மாறுகிறது. வின்பிளாஸ்டின் ஹாட்ஜ்கின் புற்றுநோய்க்குத் தரும் கூட்டுமருந்தில் ஒன்று. அது மஜ்ஜையைத் தாக்கும். வின்கிரிஸ்டின் குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய்ச் சிகிச்சையில் முக்கியமான ஒன்று. அது நரம்பைத் தாக்கும். விரல் நுனி மரத்துப்போவதும், பாதம் தொங்கிப்போவதும், மலச்சிக்கலும் அதன் விலை. செல் இரண்டாகப் பிரியும்போது குரோமோசோம்களை இருபுறமும் இழுக்கும் நுண்குழல்கள் உண்டு. டியூபுலின் என்னும் புரதத்தால் ஆனவை அவை. வின்கா மருந்துகள் அந்தப் புரதத்தில் ஒட்டிக்கொண்டு குழல் எழும்பாமல் தடுத்துவிடும். செல் பிரிய முடியாமல் பாதியில் நின்று சாகும்.

1960களின் தொடக்கத்தில் ரத்தப் புற்றுநோய் வந்த குழந்தைகள் பெரும்பாலும் சில மாதங்களில் இறந்தார்கள். இன்று நல்ல சிகிச்சை கிடைக்கும் நாடுகளில் பத்தில் ஒன்பது பேர்வரை பிழைக்கிறார்கள். இது வின்கிரிஸ்டின் ஒன்றின் சாதனை இல்லை. பல மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கும் முறையால் வந்தது. ஆனால் அந்தக் கூட்டில் அது தொடக்கக் காலம் முதல் இருக்கிறது.

இந்தக் கதையைச் சொல்லிவிட்டு ‘பார்த்தீர்களா, நம் மூலிகையின் மகிமை’ என்று முடிப்பவர்களைக் கேட்டிருக்கிறேன். அதில் எனக்கு இரண்டு சங்கடம். ஜமைக்காவிலோ பிலிப்பைன்ஸிலோ திருநெல்வேலியிலோ இந்தப் பூவைக் கொதிக்கவைத்துக் குடித்தவர்கள் சர்க்கரைக்காகக் குடித்தார்கள். நாட்டு வழக்கு ஆய்வாளர்களைச் செடியின் பக்கம் திருப்பியது, அது உண்மை. ஆனால் கிடைத்த மருந்து அந்த வழக்கு சொன்ன மருந்தல்ல. இரண்டாவது சங்கடம் அளவைப் பற்றியது. 1 கிராம் வின்பிளாஸ்டின் எடுக்கச் சுமார் 500 கிலோ காய்ந்த இலை வேண்டும். வின்கிரிஸ்டினுக்கு 2,000 கிலோ வரை என்று கணக்குச் சொல்கிறார்கள். நூற்றுக்கும் மேற்பட்ட ஆல்கலாய்டுகள் அந்த இலையில் இருக்கின்றன. நமக்கு வேண்டியவை அவற்றில் தூசளவு. நாலு பூவைப் போட்டுக் காய்ச்சிய கஷாயத்தில் புற்றுநோயை நிறுத்தும் மருந்து இருக்கிறது என்று நம்புவது கணக்குத் தெரியாத நம்பிக்கை. அப்படி அளவோடு இருந்தால் அதைக் குடிப்பது இன்னும் ஆபத்து. இந்த மருந்துகளை ரத்தநாளத்தில் மட்டுமே ஏற்றலாம். வின்கிரிஸ்டின் கைதவறித் தண்டுவடத்தில் ஏறினால் ஆளைக் கொன்றுவிடும். அதனால்தான் உலக மருத்துவமனைகளில் அதை ஊசிக்குழலில் வைக்காமல் சிறு பையில் கலந்து ஏற்றச் சொல்கிறார்கள்.

சர்க்கரைப் பேச்சு முழுக்கப் பொய்யா என்றால், அதுவும் இல்லை. முயல்களிலும் எலிகளிலும் இலைச்சாறு சர்க்கரையைக் குறைத்த ஆய்வுகள் பின்னாளில் வந்தன, ஆந்திரத்திலிருந்தும் வந்தன. மனிதர்களில் இவ்வளவு கொடுத்தால் இவ்வளவு குறையும் என்று உறுதியாகச் சொல்லும் நிலைக்கு அவை வரவில்லை. ஏற்கெனவே சர்க்கரை மாத்திரை சாப்பிடுகிறவர் கூடவே இந்தக் கஷாயத்தையும் குடித்தால் சர்க்கரை தாழ்ந்து மயங்கவும் கூடும், ஒன்றும் ஆகாமலும் போகக்கூடும். முன்கூட்டிச் சொல்ல முடியாததை மருந்து என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

கீழாநெல்லி வேறு ரகம். இதில் நாட்டு வழக்கு சொன்ன நோயையே ஆய்வுக்கூடமும் எடுத்துக்கொண்டது. ஊர் வழக்கம் நமக்குத் தெரிந்ததுதான். வேரோடு பிடுங்கி, மண் போக அலசி, அம்மியில் மை போல் அரைத்து, நெல்லிக்காய் அளவு உருட்டி மோரில் கலக்கி வெறும் வயிற்றில் கொடுப்பார்கள். எண்ணெயும் புளியும் தள்ளுபடி, சில வீடுகளில் உப்பும். இரண்டு மூன்று வாரத்தில் கண்ணின் மஞ்சள் வெளுக்கும், பசி எடுக்கும். வைத்தியருக்குப் பேர் கிடைக்கும்.

சென்னையில் எஸ்.பி.தியாகராஜனும் உடனிருந்தவர்களும் 1982இலேயே கீழாநெல்லியையும் கரிசலாங்கண்ணியையும் கண்ணாடிக் குழாய்க்குள் ஹெபடைடிஸ் பி கிருமியின் மேலுறைப் புரதத்தோடு சேர்த்துச் சோதித்து எழுதியிருந்தார்கள். அந்தக் கிருமியைக் கண்டுபிடித்ததற்காக 1976இல் நோபல் பரிசு பெற்ற பரூக் புளூம்பர்க், பிலடெல்பியாவின் ஃபாக்ஸ் சேஸ் புற்றுநோய் மையத்தில் இருந்தார். அவருடைய குழுவும் இந்தச் செடியைக் கையில் எடுத்தது. வுட்சக் என்னும் வட அமெரிக்கக் கொறிவிலங்குக்கு நம் ஹெபடைடிஸ் பி போன்றே ஒரு கிருமி உண்டு. அதில் சோதித்து 1987இல் வெளியிட்டார்கள். அமெரிக்கக் காப்புரிமையும் பதிவாயிற்று.

பிறகுதான் மனிதச் சோதனை. 1988இல் லான்செட் இதழில் தியாகராஜன், புளூம்பர்க் உள்ளிட்டோர் எழுதிய கட்டுரை உலகத்தைத் திரும்பிப் பார்க்கவைத்தது. கிருமியை நாள்பட்டுச் சுமப்பவர்களுக்கு 30 நாள் கீழாநெல்லி கொடுத்தார்கள். முடித்து 15 முதல் 20 நாளில் சோதித்தபோது, மருந்து சாப்பிட்ட 37 பேரில் 22 பேரின் ரத்தத்தில் மேலுறைப் புரதம் இல்லை. 59 சதவீதம். வெற்றுப்பொடி சாப்பிட்ட 23 பேரில் ஒருவருக்கு மட்டுமே போயிருந்தது. நாள்பட்ட கிருமி தானாகப் போவது ஆண்டுக்கு நூறில் ஒருவர் அளவில்தான் நடக்கும். அதை ஒரு மாதத்தில் பாதிக்கு மேல் சாதித்தது என்றால் அது சாதாரண விஷயமில்லை. இன்றைய மாத்திரைகள்கூட கிருமியை அடக்கிவைக்குமே தவிர, அந்தப் புரதத்தை இவ்வளவு எளிதில் போக்குவதில்லை.

அந்தக் கட்டுரையே தன்னை முதற்கட்ட ஆய்வு என்றுதான் சொல்லிக்கொண்டது. குழு சிறியது, இரு தரப்பிலும் எண்ணிக்கை சமமில்லை. செய்திகளில் அந்தச் சொல் காணாமல் போயிற்று. 1990இல் தாய்லாந்தில் அந்த நாட்டுக் கீழாநெல்லியைக் கொடுத்துப் பார்த்தார்கள். கிருமி போகவில்லை. அதையும் லான்செட்டே வெளியிட்டது. 1994இல் நியூசிலாந்திலும் இதே முடிவு. சீனாவில் பல சோதனைகள் நடந்தன. பல இனங்களைக் கலந்து, பல மருந்துகளோடு சேர்த்து, தரம் ஏறியும் இறங்கியும். 2011இல் காக்ரேன் அமைப்பு அவற்றையெல்லாம் சலித்துப் பார்த்து, நாள்பட்ட ஹெபடைடிஸ் பிக்கு ஃபில்லாந்தஸ் பயன் தருகிறது என்று நம்பத்தக்க சான்று இல்லை என்று எழுதியது.

ஏன் இப்படி ஆயிற்று? சென்னை முடிவு தற்செயலாக இருக்கலாம். சிறு குழுவில் அது நடக்கும். ஆனால் இன்னொரு காரணத்தையும் நான் எளிதில் ஒதுக்க மாட்டேன். கேத்தராந்தஸ் ரோசியஸ் என்றால் உலகெங்கும் ஒரே செடி. ஒரு குழந்தைகூட அடையாளம் காட்டும். கீழாநெல்லி என்றால் எது? பல ஆண்டுகள் இந்திய நூல்கள் அதை ஃபில்லாந்தஸ் நிரூரி என்றே எழுதின. லின்னேயஸ் அந்தப் பெயரை வைத்தது ஓர் அமெரிக்கச் செடிக்கு. 1950களில் வெப்ஸ்டர் என்னும் தாவரவியலாளர் இந்தக் குடும்பச் சிக்கலைப் பிரித்தெடுத்தார். அதற்குப் பிறகும் பழைய பெயர் புத்தகங்களைவிட்டுப் போகவில்லை. இன்றும் மாத்திரைப் புட்டிகளில் நிரூரி என்றே அச்சாகிறது. நிரூரியின் சொந்த நிலமான பிரேசிலில் அதைக் கொடுப்பது காமாலைக்குக் காட்டிலும் சிறுநீரகக் கல்லுக்கு. சாவ் பாவுலோவில் அதைப் பற்றித் தனியாக ஆய்வே நடந்திருக்கிறது.

சந்தையைப் பார்த்தால் இன்னும் குழப்பம். தென்னிந்திய நாட்டுமருந்துக் கடைகளில் கீழாநெல்லிச் சரக்கை வாங்கி இனம் பிரித்துப் பார்த்த ஓர் ஆய்வு 2010இல் வந்தது. முக்கால் பங்கு கடைகளில் இருந்தது அமாரஸ். மற்ற கடைகளில் டெபிலிஸ், மேலாநெல்லி, சிவந்த தண்டுள்ள யூரினேரியா என்று உறவுமுறையெல்லாம் வந்திருந்தது. இவை எல்லாவற்றிலும் ஒரே வேதிப்பொருள்கள் ஒரே அளவில் இல்லை. கசப்புக்குக் காரணமான ஃபில்லாந்தின் என்னும் பொருளை 1946இலேயே கிருஷ்ணமூர்த்தியும் சேஷாத்ரியும் பிரித்தெடுத்துவிட்டார்கள். அது பெரும்பாலும் இலையில் இருக்கிறது, தண்டில் சொற்பம். வேரோடும் தண்டோடும் எடைபோட்டு விற்கும் கட்டில் மருந்து எவ்வளவு, விறகு எவ்வளவு என்று யார் பார்த்தார்கள்? பெயர் ஒன்று, இனம் வேறு, பங்கு வேறு என்ற நிலையில், ஓர் ஊரின் முடிவு இன்னோர் ஊரில் திரும்பக் கிடைக்கவில்லை என்பதற்கு ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. அதற்காகச் சென்னை முடிவு சரி என்று ஆகிவிடாது. இதுவரை நிரூபிக்கப்படாதது என்பதே அதன் இடம்.

இரு செடிகளுக்கும் இடையே நான் முக்கியமாகக் கருதும் வேறுபாடு செடியில் இல்லை, நோயில் இருக்கிறது. நீரிழிவு தானாகப் போகாது. ஒரு கஷாயம் சர்க்கரையைக் குறைக்காவிட்டால் இன்றைக்கு வீட்டிலேயே ரத்தச் சோதனைக் கருவி அதைக் காட்டிக்கொடுத்துவிடும். நித்தியகல்யாணியின் சர்க்கரைப் புகழ் மங்கியதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். காமாலை அப்படியல்ல. கெட்ட தண்ணீரால் வரும் ஹெபடைடிஸ் ஏ-யும் ஈ-யும் பெரும்பாலானோருக்குச் சில வாரங்களில் தானே இறங்கும். புதிதாகத் தொற்றிய ஹெபடைடிஸ் பி-கூட, வளர்ந்தவர்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேருக்குத் தானே விலகிவிடும். அந்த வாரங்களில் மோரில் கலந்து எதைக் கொடுத்தாலும் அதற்குப் பேர் வந்துவிடும். கீழாநெல்லிக்கு வந்த பேரில் எவ்வளவு செடியுடையது, எவ்வளவு உடம்புடையது என்பதை ஊர் அனுபவத்தால் பிரிக்கவே முடியாது, அது நூறு தலைமுறை அனுபவமாக இருந்தாலும். போட்டி வைத்துச் சோதிப்பது ஒன்றே வழி.

இதைச் சொல்வதால் கீழாநெல்லியை வெறும் களை என்று தள்ளுவதாக நினைக்க வேண்டாம். ரசாயனத்தால் ஈரல் கெட்ட எலிகளில் அது ஈரலைக் காத்ததாகப் பல ஆய்வுகள் உண்டு. உடம்பைக் குளிர்விக்கும் செடி என்று சித்த மருத்துவர்கள் அதைச் சிறுநீர்க் கடுப்புக்கும் சூட்டுக்கும் கொடுப்பதை ஹெபடைடிஸ் சோதனையோடு சேர்த்து அடிக்க வேண்டியதும் இல்லை. அது தனி வழக்கு.

தீங்கைப் பார்த்தால் இரண்டும் எதிரெதிர். நித்தியகல்யாணி நஞ்சுள்ள செடி. வெட்டினால் பால் வடியும், கசக்கும். ஆடு ஒதுக்குவதில் அர்த்தம் இருக்கிறது. கர்ப்பிணிகள் அதன் பக்கம் போகவே கூடாது. கீழாநெல்லி நம் வழக்க அளவில் பெரிய கெடுதல் செய்ததாகத் தெரியவில்லை. சென்னைச் சோதனையிலும் அப்படித்தான் எழுதினார்கள். இந்தச் சாதுத்தனமே ஒரு பொறி. காமாலை ஒரு நோயல்ல, பல நோய்களின் அடையாளம். பித்தப்பைக் கல் குழாயை அடைத்தாலும் கண் மஞ்சளிக்கும், கணையத்தில் கட்டி வந்தாலும் மஞ்சளிக்கும், எலிக்காய்ச்சலிலும் மஞ்சளிக்கும், குடியால் ஈரல் சுருங்கினாலும் மஞ்சளிக்கும். கர்ப்பிணிக்கு ஹெபடைடிஸ் ஈ வந்தால் உயிருக்கே ஆபத்து. மோரும் கீழாநெல்லியும் எந்தக் கெடுதலும் செய்யாமல் மூன்று வாரத்தை மட்டும் எடுத்துக்கொள்ளும். அடைப்பில் கிருமி ஏறியவருக்கு அந்த மூன்று வாரம் இல்லை. நாள்பட்ட ஹெபடைடிஸ் பி-யோ பெரும்பாலும் மஞ்சளிக்கவே மஞ்சளிக்காது. சத்தமில்லாமல் ஈரலைத் தின்றுகொண்டிருக்கும். மஞ்சளைப் பார்த்துச் செடி பிடுங்கும் வழக்கத்துக்கு அது கண்ணிலேயே படாது. குழந்தை பிறந்ததும் போடும் தடுப்பூசிதான் அதற்கு இன்றுள்ள நல்ல அரண்.

கடைசியாகக் காசு. நித்தியகல்யாணி திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கத்து மானாவாரி நிலங்களில் பயிராகிறது. விதைத்த ஆறாம் மாதமும் ஒன்பதாம் மாதமும் இலை பறிப்பார்கள். பன்னிரண்டாம் மாதம் அடியோடு வெட்டி, வேரையும் உழுது பொறுக்குவார்கள். வேரில் புற்றுநோய் மருந்து இல்லை. ரத்த ஓட்டத்துக்கான அஜ்மாலிசின் இருக்கிறது, அதனால் வேருக்குத் தனி விலை. வாங்குகிறவருக்கு எந்தப் பொருள் வேண்டும், அது எந்த உறுப்பில் இருக்கிறது என்று தெரியும். வறண்ட நிலத்தில் வேறு எதுவும் தேறாத சம்சாரிக்கு இது ஒரு பிடிப்பு. செடியின் தாய்நாடான மடகாஸ்கருக்கு அந்த மருந்துகளின் லாபத்தில் ஒன்றும் போய்ச் சேரவில்லை என்ற வருத்தம் தாவரச் செல்வம் பற்றிய எல்லா விவாதத்திலும் இன்றைக்கும் எழுகிறது. நியாயமான வருத்தம்தான். கீழாநெல்லியும் இப்போது சில இடங்களில் பயிராகிறது, மூன்று மாதத்துக்குள் அறுவடை. ஆனால் சந்தையில் அதற்கு விலை எடைக்குத்தான். உள்ளே எந்த இனம், எவ்வளவு ஃபில்லாந்தின் என்று கேட்டு வாங்குகிறவர்கள் சிலரே. ஒரு கட்டுச் செடி சில ரூபாய்க்குக் கிடைக்கும்போது, இனம் உறுதிசெய்து, இலை மட்டும் எடுத்து, பல ஊர்களில் நூற்றுக்கணக்கானோருக்குக் கொடுத்துப் பார்க்கும் சோதனைக்குக் கோடிகளைப் போட எந்தக் கம்பெனி வரும்? அரசு நிறுவனங்கள்தான் செய்ய வேண்டும். 1988இல் தொடங்கிய இடத்திலேயே செய்திருக்கலாம் என்பது என் ஆதங்கம்.

நித்தியகல்யாணிச் சம்சாரிக்கு வேறொரு பக்கத்திலிருந்து ஆபத்து வருகிறது. செடி வின்பிளாஸ்டினை எப்படிப் படிப்படியாகச் செய்கிறது என்பதில் விடுபட்டிருந்த கண்ணிகளை இங்கிலாந்தின் ஜான் இன்னஸ் மையத்தார் 2018இல் நிரப்பினார்கள். 2022இல் டென்மார்க்கை மையமாகக் கொண்ட ஒரு குழு, செடிகளிலிருந்து 34 மரபணுக்களை ஈஸ்டுக்குள் ஏற்றி, வின்பிளாஸ்டினின் இரண்டு பாதிகளையும் தொட்டியில் செய்ய வைத்தது. கிடைத்த அளவு மிகச் சிறிது. ஆனாலும் வழி திறந்துவிட்டது. ஒருநாள் அது மலிவானால் ஐநூறு கிலோ இலைக்கு வேலை இருக்காது. கீழாநெல்லிக்கு அந்தப் பயம் இல்லை. தொட்டியில் எந்தப் பொருளைச் செய்யச் சொல்வது என்று ஈஸ்டுக்குச் சொல்ல நம்மிடம் இன்னும் விடை கிடையாது.